குறைந்த செலவில் நல்ல மேசைப்பந்து மட்டை: தேர்வு முதல் ஒட்டுவது வரை

சென்ற ஆண்டு எங்கள் புளோக்கில் குடியிருக்கும் ஒரு பையன் உயர்நிலை 1-இல் சேர்ந்து, மேசைப்பந்தை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்துக்கொண்டான். மகன் ஆசைப்படுகிறானே என்று அவனுடைய தாயார் 130 வெள்ளி கொடுத்துக் கார்பன் இழை வைத்த மட்டை ஒன்றை வாங்கித் தந்தார். ஒரு சனிக்கிழமை மாலை சமூக மன்றத்தில் அவனோடு பந்தடித்துப் பார்த்தேன். அவன் அடித்த பந்துகள் வலையை நன்றாகவே தாண்டின. ஆனால் பெரும்பாலானவை என் பக்கத்து மேசையைத் தொடாமல் நேராகச் சுவரோரம் போய் விழுந்தன. "அங்கிள், பந்து பேட்டுல நிக்கவே மாட்டேங்குது" என்றான். தன் கையில்தான் ஏதோ கோளாறு என்று அவன் பயந்துபோயிருந்தான். கோளாறு கையில் இல்லை. பட்ட மறுகணமே பந்தைத் தெறித்து அனுப்பிவிடும் மட்டை, வீச்சு சரியா தவறா என்பதைப் பழகாத கைக்குத் தெரிவிப்பதே இல்லை. என் பையில் இருந்த ஐந்தடுக்கு மரமட்டையை அவனிடம் கொடுத்தேன். அதன் பலகை பழையது, ரப்பர் மட்டும் புதிது. அரை மணி நேரத்தில் பத்துக்கு ஆறேழு பந்துகளை மேசைக்குள் வைக்கத் தொடங்கிவிட்டான்.

அன்றிரவு மின்தூக்கி அருகே அவனுடைய தாயார், "அண்ணே, அப்ப எதத்தான் வாங்குறது?" என்று கேட்டார். நின்றபடியே விடை சொல்லி முடிக்க இயலவில்லை, ஆகவே எழுதுகிறேன். பலகையை நன்றாகப் பார்த்து ஒரு முறை வாங்க வேண்டும். ரப்பரை மலிவாக வாங்கி, தேய்ந்தவுடன் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேகத்துக்காக ஒரு வெள்ளியும் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது. இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் 80 வெள்ளிக்குள் ஓராண்டுக்கும் மேலாக விளையாட்டை வளர்க்கக்கூடிய மட்டை கைக்கு வந்துவிடும்.

ஆயத்த மட்டை போதுமா?

அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலோ மன்றத்திலோ மாதத்துக்கு ஓரிரு முறை பொழுதுபோக்காக ஆடுவோருக்கு, ரப்பர் ஒட்டியே விற்கப்படும் ஆயத்த மட்டை போதும்; அவர்கள் இதற்கு மேல் மெனக்கெட வேண்டியதில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி செய்பவருக்கு ஆயத்த மட்டை விரைவில் செலவாகவே முடியும். அதன் ரப்பர் பெரும்பாலும் வழுவழுப்பானது. பந்துக்குச் சுழற்சி ஏற்றாது. சில மாதங்களில் அது தேய்ந்ததும் புது ரப்பர் மாற்றலாம் என்று நினைத்தால், தொழிற்சாலையில் அழுத்தி ஒட்டிய பசை எளிதில் விடாது. நான் ஆடத் தொடங்கிய காலத்தில் வாங்கிய மட்டையின் ரப்பரை இப்படித்தான் உரிக்க முயன்றேன். ரப்பரோடு சேர்ந்து மரத்தின் மேலடுக்கும் விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழிந்து வந்தது. மட்டை அத்துடன் குப்பைக்குப் போயிற்று.

பெட்டியின் மேல் அச்சிடப்படும் நட்சத்திரங்களைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். மட்டைக்கு நட்சத்திரம் வழங்குவது அனைத்துலக மேசைப்பந்துச் சம்மேளனம் அன்று. ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தப் பொருள்களைத் தானே வரிசைப்படுத்திக்கொள்ளும் குறி அது. ஒரு நிறுவனத்தின் ஐந்து நட்சத்திர மட்டை இன்னொன்றின் மூன்று நட்சத்திர மட்டையைவிடத் தாழ்ந்ததாக இருக்கலாம்.

போட்டியில் ஆடும் எண்ணம் இருந்தால் நட்சத்திரத்தை விட்டுவிட்டு ரப்பரைப் பாருங்கள். சம்மேளனம் ஏற்றுக்கொண்ட ரப்பரில், கைப்பிடியை ஒட்டிய ஓரத்தில், தயாரிப்பாளரின் பெயரோடு, சம்மேளனத்தின் ஆங்கிலச் சுருக்கமான ஐடிடிஎஃப் முத்திரையும், சிறு கட்டத்துக்குள் ஓர் எண்ணும் இருக்கும். ஒட்டி முடித்த மட்டையில் அது தெரியும்படி இருக்க வேண்டும். ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் கறுப்பிலிருந்தும் பந்தின் நிறத்திலிருந்தும் தெளிவாக வேறுபடும் பளிச்சென்ற நிறத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. பல்லாண்டுகள் அது சிவப்பாக மட்டுமே இருந்தது. 2021 அக்டோபர் முதல் இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கும் அனுமதி உண்டு. இந்த இருநிற விதிக்குக் காரணம் இருக்கிறது. இரு பக்கமும் ஒரே நிறத்தில் இருந்த காலத்தில், ஒருபக்கம் சுழற்சி ஏற்றும் ரப்பரும் மறுபக்கம் சுழற்சியே ஏறாத ரப்பரும் ஒட்டி, ஆட்டத்தின் நடுவே மட்டையைச் சுழற்றிச் சுழற்றி எதிராளியைத் திணறடித்தார்கள். 1980களில் அதற்கு முடிவு கட்டினார்கள்.

பலகை

ரப்பர் இல்லாத வெறும் மரப்பகுதியைக் கடையில் 'பிளேடு' என்பார்கள். இங்கே பலகை என்றே சொல்கிறேன். பலகையின் தடிமனில் குறைந்தது 85 விழுக்காடு இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. எஞ்சிய இடத்தில்தான் கார்பன் போன்ற இழைகளை மெல்லிய அடுக்காக வைக்கிறார்கள். அந்த இழை பலகையை விறைப்பாக்குகிறது. விறைத்த பலகையில் பந்து தங்கும் நேரம் குறைகிறது. எனவே வேகம் கூடுகிறது. பல ஆண்டுகள் பயின்ற வீரருக்கு அது பலம். 2022 முதல் இங்கே நடந்துவரும் சிங்கப்பூர் ஸ்மாஷ் போட்டியை நேரில் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள், அங்கே கண்ட வீரரின் கையில் இருந்த அதே மட்டையைக் கேட்பது இயல்பு. ஆனால் அந்த வீரர்கள் நாள்தோறும் பல மணி நேரம் பயின்று பழகிய கையோடு அதைப் பிடிக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது பெற்றோரின் கடமை.

தொடங்குபவருக்கு ஏற்றது, இழை எதுவும் இல்லாத, ஐந்தடுக்கு முழு மரப்பலகை. பட்டியல்களில் 'ஆல்ரவுண்டு' என்ற வகையில் இருக்கும். ஸ்டிகா நிறுவனத்தின் ஆல்ரவுண்டு கிளாசிக், டோனிக் நிறுவனத்தின் ஆப்பல்கிரன் ஆல்பிளே ஆகிய இரண்டும் இந்த வகையில் நெடுங்காலமாக நல்ல பெயர் பெற்றவை. அவற்றுக்கும் குறைவான விலையில் வேண்டுமானால், யின்ஹே, 729, சான்வெய் ஆகிய சீன நிறுவனங்களின் ஐந்தடுக்குப் பலகைகளை அஞ்சாமல் வாங்கலாம். ஏழடுக்குப் பலகை ஐந்தடுக்கைவிட விறைப்பும் எடையும் கூடியது. அது இரண்டாம் கட்டத்துக்கு உரியது.

பலகையை இணையத்தில் வாங்கினாலும் கடையில் வாங்கினாலும், இயன்றால் முதலில் ஒரு தடவை கையில் பிடித்துப் பாருங்கள். குவீன்ஸ்வே ஷாப்பிங் சென்டரிலும் பிற இடங்களிலும் உள்ள விளையாட்டுக் கடைகளில் பிடித்துப் பார்க்க இடம் தருவார்கள். மன்றத்தில் ஆடும் மற்றவர்களின் மட்டைகளையும் கேட்டு வாங்கிப் பிடிக்கலாம். கைப்பிடியில் பொதுவாக இரண்டு வடிவங்கள் கிடைக்கும். அடிப்பக்கம் விரிந்து போவதை எஃப்எல் என்றும், மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருப்பதை எஸ்டி என்றும் குறிப்பார்கள். விரிந்த பிடி கையிலிருந்து நழுவாது. பிள்ளைகளுக்கும் உள்ளங்கை அதிகம் வியர்ப்பவர்களுக்கும் அதுவே வசதி. கைகுலுக்குவதுபோலப் பிடித்து, சுட்டுவிரலைப் பலகையின் கீழோரத்தில் வைத்து, பந்து இல்லாமலேயே இருபது முப்பது முறை வீசிப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள தோலில் மரத்தின் விளிம்பு உறுத்துகிறதா என்று கவனியுங்கள். புதுப் பலகை பெரும்பாலும் உறுத்தும். அதற்காக அதைத் தள்ளிவிட வேண்டாம். 400 எண் உப்புத்தாளை விரலில் சுற்றி, கைப்பிடியின் இருபுறத் தோள்களை மெல்லத் தேய்த்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். இதை ரப்பர் ஒட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். நான் செய்யாமல் விட்ட பலகையில் முதல் வாரமே விரலிடுக்கில் கொப்புளம் வந்தது.

எடையை அலட்சியம் செய்யக் கூடாது. பெரியவர்களுக்கான பலகை பெரும்பாலும் 80 முதல் 90 கிராம் இருக்கும். வெட்டி ஒட்டிய ரப்பர் ஒவ்வொன்றும் 40 முதல் 50 கிராம். ஆக முழு மட்டை ஏறத்தாழ 160 முதல் 190 கிராம் வரை வரும். கேட்பதற்குச் சிறிய வித்தியாசமாகத் தோன்றினாலும், இரண்டு மணி நேரப் பயிற்சியின் முடிவில் பத்து கிராம் என்பது மணிக்கட்டுக்கு நன்றாகவே தெரியும். தொடக்கநிலைப் பிள்ளைக்கு வாங்கினால் 80 கிராமைத் தாண்டாத பலகையைக் கேளுங்கள். இணைய விற்பனையாளரிடம் எடையைக் கேட்டால் பெரும்பாலானோர் நிறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ரப்பர்

1952இல் பம்பாயில் நடந்த உலக வெற்றியாளர் போட்டிக்கு ஜப்பானின் ஹிரோஜி சாத்தோ தடித்த ஸ்பாஞ்சு ஒட்டிய மட்டையோடு வந்தார். அதுவரை வீரர்கள் புள்ளி ரப்பர் (மேலே சிறு முளைகள் கொண்ட ரப்பர்) ஒட்டிய மட்டையின் சத்தத்தைக் கேட்டே பந்தின் வேகத்தைக் கணித்தார்கள். ஸ்பாஞ்சு சத்தத்தை விழுங்கிவிட்டது. பந்து எவ்வளவு விசையோடு வருகிறது என்பது தெரியாமல் பெரும் வீரர்களே தடுமாறினார்கள். சாத்தோ ஒற்றையர் பட்டத்தை வென்றார். இன்று நாம் ரப்பர் என்று சொல்வது அந்த ஸ்பாஞ்சும் மேலே ஒரு ரப்பர்த் தோலும் சேர்ந்த இரட்டை அடுக்கு. இரண்டும் பசையும் சேர்ந்து 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி.

ஆகவே ரப்பர் வாங்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும்: மேல்தோலின் தன்மை, ஸ்பாஞ்சின் தடிமன், ஸ்பாஞ்சின் கடினம்.

மேல்தோலில் பல வகைகள் உண்டு. நீளப் புள்ளி, குட்டைப் புள்ளி, சுழற்சி ஏறாத வகை ஆகிய மூன்றையும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒதுக்கி வையுங்கள். அவை எதிராளியைக் குழப்பும், ஆனால் உங்கள் வீச்சைச் செம்மைப்படுத்தா. சமதளத் தோல் உள்ள ரப்பரே வேண்டும். அதிலும் இரு மரபுகள் இருக்கின்றன. சீன ரப்பரின் தோல் பிசுபிசுப்பானது. புதிய ரப்பரின் மேல் பந்தை அழுத்திவிட்டு மட்டையைக் கவிழ்த்தால், பந்து கீழே விழாமல் சில விநாடிகள் தொங்கும். இந்தத் தோல் பந்தை உரசி அடிப்பதற்குப் பலன் தரும். ஜப்பானிய, ஐரோப்பிய ரப்பர்களின் தோல் பிசுபிசுக்காது. பிடிப்பு மட்டும் இருக்கும். ஸ்பாஞ்சு துள்ளலாக இருப்பதால் குறைந்த உழைப்பிலேயே பந்து போய்ச் சேரும். இவற்றுள் எது உயர்ந்தது என்று வாதிடுவதில் பயனில்லை. சிக்கனமாக வாங்க நினைப்பவருக்கு ஒரு செய்தி மட்டும் போதும்: நல்ல தரமுள்ள சீன ரப்பரை 15 முதல் 25 வெள்ளிக்குள் வாங்கிவிடலாம், பட்டர்ஃபிளை நிறுவனத்தின் டெனர்ஜி போன்ற ஜப்பானிய உயர்வகை ரப்பரின் ஒரு தாளுக்கு அதைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

தடிமனைப் பொறுத்தவரை, ஸ்பாஞ்சு தடிக்கத் தடிக்க வேகமும் சுழற்சியும் கூடும், கட்டுப்பாடு குறையும். பட்டியலில் 1.5, 1.8, 2.0, 2.1, 'மேக்ஸ்' என்று பிரித்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு 1.8, பெரியவர்களுக்கு 2.0 என்று தொடங்குங்கள். கடைக்காரர் 'மேக்ஸ்' ஒன்றுதான் இருக்கிறது என்றால், ஒரு வாரம் காத்திருந்து வேறிடத்தில் வாங்குவது மேல்.

கடினத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிஎச்எஸ் நிறுவனத்தின் ஹரிகேன் 3 உலகப் புகழ் பெற்ற ரப்பர்; சீன வீரர்கள் பலர் ஃபோர்ஹேண்டில் (உள்ளங்கைப் பக்க வீச்சில்) பயன்படுத்துவது இந்த வகையைத்தான்; பொதுக்கடைகளில் கிடைக்கும் வடிவம் விலையும் குறைவு. எனவே 'மலிவாகவும் இருக்கிறது, வெற்றியாளர்களும் பயன்படுத்துகிறார்கள்' என்று பிள்ளைக்கு வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அதன் ஸ்பாஞ்சு மிகக் கடினமானது. இடுப்பையும் காலையும் சேர்த்து முழு விசையோடு வீசினால்தான் பந்து ஸ்பாஞ்சுக்குள் அமுங்கும். மெல்ல வீசினால் கல்லில் பட்டதுபோல் செத்துப் போகும். பத்து வயதுப் பிள்ளை அந்தக் குறையை ஈடுகட்ட தோளை இழுத்து அடிக்கப் பழகிவிடும். பிறகு அந்தப் பழக்கத்தைப் போக்குவது பயிற்றுநருக்குப் பெரும்பாடு. இன்னொன்று, ஹரிகேன் 3-இல் 39, 40, 41 என்றிருக்கும் எண்களையும் ஜெர்மானிய ரப்பர்களில் 42.5, 47.5 என்றிருக்கும் எண்களையும் ஒப்பிடாதீர்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். சீன அளவுகோலின் 40, ஜெர்மானிய அளவுகோலின் 47.5-ஐவிட கடினமாகவே இருக்கும்.

எனவே முதல் மட்டைக்கு இரு பக்கமும் மென்மையான அல்லது நடுத்தரக் கடினமுள்ள ரப்பரையே நான் பரிந்துரைக்கிறேன். சீன வகையில் 729 சூப்பர் எஃப்எக்ஸ், யின்ஹே மெர்க்குரி 2-இன் மென்மையான வடிவம் ஆகியவை நல்லவை. கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால், யசாக்கா மார்க் வி. 1969 முதல் விற்பனையில் இருக்கும் ரப்பர் அது. இத்தனை ஆண்டுகளாகப் பயிற்றுநர்கள் அதை விடாமல் பரிந்துரைப்பதற்குக் காரணம், அது நீங்கள் செய்ததையே பந்தில் காட்டும். கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. இரு பக்கமும் ஒரே ரப்பர் ஒட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஃபோர்ஹேண்டிலும் பேக்ஹேண்டிலும் (புறங்கைப் பக்க வீச்சிலும்) கைக்கு ஒரே உணர்வு கிடைப்பதால், எந்த வீச்சில் பிழை இருக்கிறது என்பது எளிதில் புலப்படும்.

செலவுக் கணக்கு

80 வெள்ளி கையில் இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன். பலகைக்கு 35 முதல் 40 வெள்ளி. இரண்டு ரப்பர்களுக்கும் சேர்த்து 30 முதல் 34 வெள்ளி. மீதத்தில் ஒரு சிறு குப்பி நீர்ப்பசையும் விளிம்பு நாடாவும் வாங்கிவிடலாம். அந்தப் பசை நான்கைந்து ரப்பர்களுக்கு வரும். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து தருவித்தால் அனுப்பும் கட்டணத்தையும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கூட்டிப் பாருங்கள். தனித்தனியாக வாங்குவதைவிட ஒரே விற்பனையாளரிடம் பலகை, ரப்பர், பசை மூன்றையும் சேர்த்து எடுத்தால் அனுப்பும் கட்டணம் ஒரு முறைதான் ஆகும். புகழ்பெற்ற ரப்பர் ஒன்று வழக்கமான விலையில் பாதிக்குக் கிடைக்கிறதென்றால் அது போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். மலிவு வகைகளில் போலி செய்து யாருக்கும் ஆதாயமில்லை என்பதால், குறைந்த விலை ரப்பரை நாடுபவருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

மன்றத்தில் ஆடுபவர்களிடம் பழைய பலகை கிடைத்தால் இன்னும் நல்லது. பலகை நன்றாகப் பேணப்பட்டால் பத்தாண்டுகள்கூட உழைக்கும். வாங்கும்முன் ரப்பரைக் கழற்றச் சொல்லி, மேலடுக்கில் மரம் பெயர்ந்திருக்கிறதா, விளிம்பில் அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, பலகையின் நடுவிலும் ஓரங்களிலும் பந்தைத் தட்டிக் கேளுங்கள். சத்தம் ஓரிடத்தில் மட்டும் மந்தமாக, உடைந்த பானையைத் தட்டியதுபோல் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது. பழைய ரப்பரை மட்டும் இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். எவ்வளவு விலையுயர்ந்த ரப்பராக இருந்தாலும் தோல் காய்ந்துவிட்டால் பந்து வழுக்கும். இரண்டாண்டுப் பழைய டெனர்ஜியைவிட நேற்று பிரித்த 15 வெள்ளி ரப்பர் நன்றாக ஆடும்.

ஒட்டும் முறை

கடையில் ஒட்டிக் கொடுப்பார்கள். முதல் முறை அவர்களையே ஒட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. ஆனால் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ரப்பர் மாற்றப் போகிறவர் இந்த வேலையைத் தாமே கற்றுக்கொண்டால்தான் சிக்கனம் முழுமையாகும்.

மேசைப்பந்துக்கென்றே விற்கப்படும் நீர்ப்பசையை மட்டும் பயன்படுத்துங்கள். சைக்கிள் டியூப் ஒட்டும் பசை, மரவேலைப் பசை, உடனடிப் பசை எதுவும் உதவாது. ஆவியாகும் கரைப்பான் கலந்த பசைகளுக்கு 2008 முதல் போட்டிகளில் தடை இருக்கிறது. அவற்றின் ஆவி உடல்நலத்துக்கும் கேடு.

புதிய பலகையாக இருந்தால், ஒட்டுவதற்கு முந்தைய நாள் நீர்வழி வார்னிஷை ஒரு துண்டுத் துணியில் தொட்டு, மரத்தின் இரு முகங்களிலும் மெலிதாக ஒரே ஒரு முறை பூசி உலரவிடுங்கள். தடித்துப் பூசினால் பலகையின் உணர்வே மாறிவிடும். இந்தப் பூச்சு இருந்தால் பின்னாளில் ரப்பரை உரிக்கும்போது மரம் பெயராது.

ஒட்டும் நாளில் கீழே பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். ரப்பரின் ஸ்பாஞ்சுப் பக்கத்தில் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான பசையை நடுவில் ஊற்றி, சிறு ஸ்பாஞ்சுத் துண்டால் ஒரே திசையில் ஓரம்வரை இழுத்துப் பரப்புங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் பசை திரண்டு கட்டியாகும். பலகையின் முகத்திலும் அவ்வாறே, இன்னும் மெலிதாக, ஒரு பூச்சு. பூசும்போது பசை பால்போல் வெள்ளையாக இருக்கும். முழுதும் உலர்ந்ததும் நிறமற்றுத் தெளிந்துவிடும். ஓரிடத்தில் கடுகளவு வெள்ளை எஞ்சியிருந்தாலும் காத்திருங்கள். பசைக் குப்பிகளில் 10, 15 நிமிடம் என்று எழுதியிருப்பது வறண்ட ஊர்களுக்குப் பொருந்தும். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். மழைநாளில் சன்னலைத் திறந்துவைத்து ஒட்டினால் முக்கால் மணி நேரம் ஆனாலும் ஸ்பாஞ்சின் துளைகளுக்குள் ஈரம் நிற்கும். நான் ஒரு டிசம்பர் மாலையில் அவசரப்பட்டு ஒட்டிய ரப்பர், மறுநாள் காலையில் நடுப்பகுதியில் ஐம்பது காசு அளவுக்குக் கொப்பளித்திருந்தது. அந்த இடத்தில் பட்ட பந்தெல்லாம் பொத்தென்று விழுந்தது. அது முதல் குளிர்சாதனம் ஓடும் அறையில்தான் ஒட்டுகிறேன். விசிறிக் காற்றும் உதவும். முடி உலர்த்தும் கருவியின் சூடான காற்று ஸ்பாஞ்சைச் சுருக்கிவிடும், அதைத் தவிர்க்கவும்.

இரு பரப்புகளும் தெளிந்த பிறகு, ரப்பரின் முத்திரை உள்ள ஓரத்தைக் கைப்பிடியின் மேல்விளிம்போடு நேராகப் பொருத்துங்கள். இந்தக் கட்டத்தில் நிதானம் வேண்டும்; உலர்ந்த பசை தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. கீழோரம் பொருந்தியதும், ரப்பரை இழுக்காமல், அது தன் இயல்பான நீளத்திலேயே படியும்படி கீழிருந்து மேலாக விடுங்கள். இழுத்து ஒட்டிய ரப்பர் சில நாளில் சுருங்கி, ஓரத்தில் மரம் தெரியத் தொடங்கும். பிறகு வீட்டிலுள்ள சப்பாத்திக் கட்டையை, மாவு ஒட்டாமல் துடைத்து எடுத்து, கைப்பிடியிலிருந்து மேல்நோக்கி மெல்ல உருட்டுங்கள். சப்பாத்திக்குத் தரும் அழுத்தமே கூடுதல். கட்டையின் சொந்த எடைக்குமேல் சிறிதளவு போதும். அதன்பின் மட்டையை ரப்பர் கீழிருக்கும்படி வைத்து, மேலே நான்கைந்து தடித்த புத்தகங்களை அரை மணி நேரம் வையுங்கள்.

வெட்டுவதற்கு, தடித்த அட்டையின் மேல் மட்டையைக் கவிழ்த்து வைத்து, புதிய அலகு மாட்டிய கத்தியை நெட்டுக்குத்தாகப் பிடித்து, பலகையின் விளிம்பை ஒட்டியே ஒரே ஓட்டத்தில் கொண்டுபோங்கள். அலகு மழுங்கியிருந்தால் ஸ்பாஞ்சு நறுங்காமல் பிய்ந்து பல்பல்லாக நிற்கும். கத்தி பயமாக இருந்தால் நீளமான, கூரிய கத்தரிக்கோலும் போதும். குறுக்குக் குறுக்காக நறுக்காமல் நீள நீளமாக வெட்ட வேண்டும். பிள்ளைகள் இந்த வேலையைச் செய்யும்போது பெரியவர் ஒருவர் மட்டையைப் பிடித்துக்கொள்ளட்டும். மறுபக்கத்தையும் இவ்வாறே ஒட்டி முடித்து, விளிம்பைச் சுற்றி நாடாவை ஒட்டிவிட்டால் மட்டை ஆயத்தம். அன்றிரவு விட்டுவிட்டு மறுநாள் ஆடுவது நல்லது.

பேணுதல்

ஆடி முடித்ததும் சில துளி நீரை விட்டு மென்மையான ஸ்பாஞ்சால் துடைத்து, உலர்ந்தபின் பாதுகாப்புத் தாளை ஒட்டி உறையில் போடுங்கள். கீழ்த்தளத்தில் ஆடினால் தூசி அதிகம் படியும். பாதி ஆட்டத்திலும் ஒரு முறை துடையுங்கள். சோப்பும் கிருமிநாசினித் துடைதாளும் ரப்பரின் பிடிப்பைக் கெடுக்கும். வெயிலில் நிறுத்திய காரிலும், ஈரத் துண்டோடு சேர்த்துப் பள்ளிப்பையிலும் மட்டையை விட்டுவைக்கக் கூடாது.

வாரம் மூன்று முறை ஆடினால் மலிவு ரப்பர் நான்கு முதல் ஆறு மாதங்கள் வரும். அதற்குப் பிறகு நடுப்பகுதி மட்டும் மங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்துக்கும் நடுவுக்கும் நிறவேறுபாடு தெரியும். பந்தைத் தோலின் மேல் அழுத்தி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கிப் போனால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. உரிக்கும்போது கீழ்மூலையைத் தூக்கி, தாளைப் பின்னோக்கி மடித்தபடி, சாய்வாக, மிக மெதுவாக இழுங்கள். மரம் சிறிதாகப் பெயரத் தொடங்கினால் அங்கேயே நிறுத்தி, எதிர்ப்பக்க மூலையிலிருந்து தொடங்குங்கள். மரத்தில் எஞ்சிய பசையை விரலால் உருட்டினாலே பந்துபந்தாக வந்துவிடும்.

புது ரப்பர் ஒட்டியதும், விளிம்பு நாடாவின் மேல் அன்றைய தேதியைப் பேனாவால் குறித்துவையுங்கள். எங்கள் புளோக்குப் பையனின் நாடாவில் இப்போது இரண்டு தேதிகள் இருக்கின்றன. இரண்டாவதை அவனே ஒட்டி, அவனே எழுதினான்.